விழுந்தால் யார் பொறுப்பு என்று கேட்கிறார்களே?

கேள்வி: தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறேன். மகனுக்கு 13 வயது, பிறவியிலேயே ஒரு கால் சூம்பியது, ஊன்றுகோலோடு நடப்பான். போன கிழமை இல்ல விளையாட்டுப் போட்டி. பெயர் கொடுத்திருந்தவனை "விழுந்தா யார் பொறுப்பு?" என்று சொல்லி, கொட்டகையில் புள்ளி எழுத உட்கார வைத்துவிட்டார்கள். பிரதேச சபை மைதானத்துக்குப் போனாலும் ஒரே படிக்கட்டு. சட்டத்தில் இதற்கு ஏதும் இருக்கிறதா அக்கா?

பதில்: இருக்கிறது தங்கச்சி, ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் இல்லை.

முதலில் நாள் கணக்கு. மகன் படிப்பது அரசாங்கப் பாடசாலை என்றால், அங்கே நடக்கிற பாரபட்சம் அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரைக்குள் வரும். அதற்கு ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் போக வேண்டும். கொழும்புக்கு அலைய உங்களால் முடியுமா? அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்துவிட்டால், அவர்கள் விசாரிக்கிற காலம் அந்தக் கணக்கில் சேராது. காசு இல்லை, சட்டத்தரணியும் தேவையில்லை. கண்டியிலும் பதுளையிலும் அலுவலகம் இருக்கிறது, 1996 என்ற இலக்கத்துக்குப் போன் எடுத்தும் கேட்கலாம்.

மாற்றுத்திறனாளிகளுக்கென்று 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் ஒன்றும் உண்டு. பலர் இதைக் காட்டி "விளையாட உரிமை" என்று சண்டை பிடிக்கிறார்கள், அது எடுபடாது. அதன் 23ஆம் பிரிவு பேசுவது வேலைக்கு எடுப்பது, கல்வி நிலையங்களில் சேர்ப்பது, அப்புறம் மற்றவர்கள் போய்வருகிற கட்டடத்துக்கும் இடத்துக்கும் இவர்களும் தடையில்லாமல் போய்வருவது, அவ்வளவுதான். ஆனால் உங்கள் மைதானத்துக்கு அந்தக் கடைசிப் பகுதியே நல்ல பிடி. மீறினால் மாகாண மேல் நீதிமன்றத்தில் மனுப்போடலாம். 2006இல் வந்த அணுகு வசதி ஒழுங்குவிதிகள் பழைய பொதுக் கட்டடங்களைத் திருத்தத் தந்த அவகாசமும் எப்போதோ முடிந்துவிட்டது. மலைச்சரிவு, ஒன்றும் செய்ய முடியாது என்பார்கள். துரை பங்களா வாசல்வரை வாகனம் ஏற வளைத்து வளைத்துப் பாதை வெட்டிய ஊர்தானே இது! சாய்தளம் போடத் திட்டம் உண்டா, காசு ஒதுக்கினார்களா என்று 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பிரதேச சபையிடம் எழுதிக் கேளுங்கள். 14 வேலை நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். தமிழிலேயே எழுதலாம்.

விளையாட்டைப் பெயர் சொல்லிப் பேசுவது ஐ.நா.வின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சமவாயம். பாடசாலை விளையாட்டு உட்பட எல்லாவற்றிலும் இந்தப் பிள்ளைகளுக்கு மற்றப் பிள்ளைகளோடு சமமான இடம் வேண்டும் என்று அதன் 30ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை 2016 பெப்ரவரியில் அதை ஏற்று உறுதிசெய்தது. அதை மட்டும் வைத்து இங்கே வழக்குப் போட்டு வெல்வது கஷ்டம். ஆனால் அரசாங்கமே கையெழுத்துப் போட்ட வாக்கு, கடிதத்தில் எழுதினால் கனம் இருக்கும்.

கடிதத்தை அதிபருக்கு எழுதுங்கள், பிரதி ஒன்று வலயக் கல்வி அலுவலகத்துக்கு, இரண்டும் பதிவுத் தபாலில். சட்டத்தை முதல் வரியிலேயே தூக்கிப் போடாதீர்கள், அவரும் முறுக்கிக்கொள்வார். புள்ளி எழுதுவதும் பங்குபற்றுவதுதானே என்பார், பையன் பெயர் கொடுத்தது எழுதுவதற்கு இல்லையே. யார் பொறுப்பு என்றால், நூறு மீற்றரில் தடுக்கி விழுகிற மற்றப் பிள்ளைக்கு யாரோ அவரேதான். என்ன செய்யலாம் என்பதையும் நீங்களே சொல்லுங்கள்: பராலிம்பிக்கில் குண்டு போடுவதை உட்கார்ந்தே போடுகிற பிரிவுகள் இருக்கின்றன, அசையாத ஒரு கதிரையும் குண்டும் போதும். ரோக்கியோ பராலிம்பிக்கில் தினேஷ் பிரியந்த ஈட்டி எறிந்து உலக சாதனையோடு தங்கம் கொண்டுவந்த நாட்டில் இதைக் கேட்க யாருக்கும் கூச்சம் வேண்டாம். ஆனால் மகனுக்கு எதில் ஆசை என்று கேட்டுவிட்டு எழுதுங்கள். நீங்கள் எனக்கு எழுதிய கடிதத்தில் அது ஓர் இடத்திலும் இல்லை.

ஊன்றுகோலின் அடி ரப்பரையும் ஒருதரம் திருப்பிப் பாருங்கள். வரி தேய்ந்து வழுவழுப்பாகியிருந்தால் மழை ஈர மண்ணில் வழுக்கத்தான் செய்யும், உடனே மாற்றுங்கள். புது ஊன்றுகோலே தேவை என்றால் பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கேளுங்கள்.