டிராகன் பறக்கும் வீடியோ விளையாட்டில் யதார்த்தம் எதற்கு?

டிராகனையே ஏற்றுக்கொண்ட பிறகு மற்றதில் ஏன் குறை காண வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நிஜ உலகம் போலவே இருக்க வேண்டும் என்று யாரும் கேட்பதில்லை. தான் வகுத்த விதியை அந்த உலகம் தானே மீறக் கூடாது, அவ்வளவுதான்.

2017-இல் வந்த 'தி லெஜண்ட் ஆஃப் செல்டா: பிரெத் ஆஃப் தி வைல்ட்' விளையாட்டைப் பாருங்கள். இடிமழையில் இரும்பு வாளை மாட்டியிருந்தால் அதில் பொறி பறக்கத் தொடங்கும். சட்டென்று கழற்றாவிட்டால் மின்னல் உங்கள் மேலேயே இறங்கும். அதே வாளை எதிரியின் பக்கத்தில் எறிந்தால், அடி அவனுக்கு! புல்லில் தீ வைத்தால் சூடான காற்று மேலெழும்பும். பாராகிளைடரை விரித்து அதிலேயே உயரே போகலாம். மழையில் பாறை வழுக்கும். இதில் பலவற்றை யாரும் சொல்லித் தராமலே நாமே ஊகித்துவிடலாம். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்ததே அதுதான்.

தன் விதியைத் தானே மீறியதற்கு உதாரணம், 1997-இல் வந்த 'ஃபைனல் ஃபேன்டசி 7'. சண்டையில் விழுந்தவரை ஃபீனிக்ஸ் டவுன் என்ற பொருள் எழுப்பிவிடும். ஆனால் கதையில் நாயகனின் தோழியான ஏரித் கொல்லப்படும்போது அதை யாரும் எடுத்துப் பார்ப்பதுகூட இல்லை. மனதை உலுக்கும் காட்சிதான், மறுக்கவில்லை. ஆனாலும் 'பையில்தான் இருக்கிறதே' என்ற கேள்வி ரசிகர்களிடம் இன்னும் ஓயவில்லை. ஒரே ஒரு வசனத்தில் காரணம் சொல்லியிருந்தால் போதும்.