வெயில் கூடினால் பாசி ஏன் வெளுக்கிறது?

கேள்வி: பாம்பனுக்குப் பக்கத்தில், வடகடலில் மிதவை போட்டுப் பாசி வளர்க்கிறேன். பங்குனி, சித்திரையில் கடல் குளம் மாதிரி அசையாமல் கிடக்கும்போது பாசி வெளுத்து, ஒடிந்து விழுகிறது. வெயில்தானே பாசிக்குச் சாப்பாடு? கூடக் கிடைத்தால் கூட வளர வேண்டாமா? பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகள், "பாசிக்குள்ள கரண்டு மாதிரி ஒண்ணு இருக்கும்மா, அது குறைஞ்சிருச்சு" என்கிறாள். பக்கத்து மிதவைக்காரர், விதைப்பாசியை ராத்திரி முழுக்க யூரியாத் தண்ணீரில் ஊறவைத்துக் கட்டச் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: யூரியா வேண்டாம் அம்மா. ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். உங்கள் மகள் சொன்னது புரிந்தால்தான் அதுவும் புரியும். அவள் சொன்னது முக்கால்வாசி சரி.

வெயில் நேராகச் சாப்பாடாக மாறுவதில்லை. நடுவில் ஒரு கண்மாய் இருக்கிறது. இராமநாதபுரத்துக்காரர்களுக்குக் கண்மாயை விளக்க வேண்டியதில்லை. கரை, தண்ணீர் திறக்கும் மடை, மிஞ்சிய நீர் வழியும் கலுங்கு என்று சொன்னாலே போதும்.

பாசியின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் வெயிலைப் பிடித்து உணவு செய்யும் பசுங்கணிகங்கள் உண்டு. அவற்றுக்குள் தட்டையான பைகள் கிடக்கின்றன. தைலகாய்டு என்று மகளின் பாடப்புத்தகத்தில் இருக்கும். (கீரையில் இவை தோசை அடுக்கியதுபோல இருக்கும். நீங்கள் வளர்க்கும் கப்பாபைகஸ், அதாவது ஊரில் 'பெப்சி பாசி' என்கிறார்களே அது, பச்சையாகவோ பழுப்பாகவோ தெரிந்தாலும் செம்பாசி இனம். அதில் பைகள் அடுக்காமல் தனித்தனியாகக் கிடக்கும்.) இந்தப் பையின் மெல்லிய சவ்வுதான் கரை. வெளிச்சம் பட்டதும் சவ்வில் உள்ள நிறமிகள் அதைப் பிடிக்கின்றன, தண்ணீர் மூலக்கூறு உடைகிறது, ஆக்சிஜன் வெளியேறுகிறது. தண்ணீரிலிருந்து பிடுங்கிய எலக்ட்ரான்கள் சவ்வின் வழியே கைமாறிக் கைமாறி ஓடும்போது, வெளியே இருக்கும் புரோட்டான்களை (எலக்ட்ரானை இழந்த ஹைட்ரஜன்) பைக்குள் இறைத்துத் தள்ளுகின்றன. புரோட்டான் சேரச் சேர உள்ளே புளிப்பு ஏறும். புளிப்பை அளக்கும் பிஎச் எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்; வெளியே பிஎச் 8 என்றால் உள்ளே 6 வரை இறங்கிவிடும். இரண்டு எண்தானே என்று நினைக்காதீர்கள், அது நூறு மடங்கு வித்தியாசம்.

புரோட்டானுக்கு நேர்மின்னேற்றம் உண்டு. ஆகவே ஒரு பக்கம் கூட்டம் அதிகம், அதோடு மின்னேற்றமும் அதிகம். இரண்டும் சேர்ந்ததைத்தான் மின்வேதிச் சரிவு என்கிறோம். தைலகாய்டில் குளோரைடு, மக்னீசியம் போன்ற அயனிகள் இடம் மாறி, மின்னேற்ற வித்தியாசத்தைப் பெரும்பாலும் சமன் செய்துவிடும். மிஞ்சுவது புளிப்பு வித்தியாசம். 'கரண்டு' என்றதில் கால்வாசியை நான் குறைத்தது அதனால்தான்.

தேங்கிய புரோட்டான் வெளியேற ஒரே மடை, செல்லின் சக்திப்பொருளான ஏடிபியைச் செய்யும் ஏடிபி சிந்தேஸ் என்ற புரதம். மடைவாயில் சக்கரம் வைத்ததுபோல அது நிஜமாகவே சுழலும். கீரையில் எண்ணிப் பார்த்திருக்கிறார்கள்: 14 புரோட்டான் இறங்கினால் ஒரு சுற்று, ஒரு சுற்றுக்கு 3 ஏடிபி. அந்த ஏடிபியைச் செலவழித்துத்தான் பாசி சர்க்கரை செய்கிறது. வியாபாரி காசு கொடுக்கும் கராஜீனன் என்ற கூழ்ப்பொருளும் அதிலிருந்து வருவதுதான்.

இந்தப் புரோட்டான் சரிவிலிருந்துதான் ஏடிபி வருகிறது என்று 1961-இல் பீட்டர் மிட்செல் என்ற விஞ்ஞானி சொன்னபோது பலர் நம்பவில்லை. 1966-இல் ஜாகன்டார்ஃப், உரிபே என்ற இரு ஆய்வாளர்கள் கீரையின் தைலகாய்டுகளை இருட்டிலேயே பிஎச் 4 உள்ள புளிப்பு நீரில் ஊறவைத்து, சட்டென்று பிஎச் 8-க்கு மாற்றினார்கள். வெளிச்சமே இல்லாமல் ஏடிபி வந்தது. எனக்கு மிகவும் பிடித்த சோதனை இது. மிட்செலுக்கு 1978-இல் நோபல் பரிசு கிடைத்தது.

சரி, சித்திரைக்கு வருவோம். வயலில் தண்ணீர் வாங்க ஆளில்லாவிட்டால் மடையைத் திறந்து என்ன பயன்? கடல் அசையாதபோது பாசியை ஒட்டிய நீரில் கரைந்திருக்கும் கார்பனும் சத்தும் தீர்ந்துபோகும், புதுநீர் வந்து சேராது. சர்க்கரை செய்வது நின்றால் ஏடிபி செலவாகாது, மடை அடைபடும். மேலே வெயில் மட்டும் கொட்டிக்கொண்டே இருக்கும். பைக்குள் புளிப்பு அளவு மீறினால், மிஞ்சிய ஒளியை வெப்பமாக வெளியே கழித்துவிடும் ஏற்பாடு உண்டு. அதுதான் கலுங்கு. ஆனால் கலுங்குக்கும் ஓர் அளவு இருக்கிறது. நீர் சூடேறும்போது சவ்வும் நெகிழ்ந்து புரோட்டான் கசியத் தொடங்கும். வழி தவறிய எலக்ட்ரான்கள் ஆக்சிஜனைத் தொற்றி, நிறமிகளையும் தண்ணீரை உடைக்கும் புரதங்களையும் அரிக்கும். அதைப் பழுதுபார்க்கவும் ஏடிபிதான் வேண்டும். இப்படி மெலிந்த இடத்தில்தான் பாக்டீரியா நுழைகிறது.

அப்படி வெளுத்த ஒரு கயிற்றை மண்டபம் கரையில் கையில் எடுத்துப் பார்த்திருக்கிறேன். நுனி பழுப்பாக மினுமினுத்தது. அதற்குக் கீழே விரல் நீளத்துக்கு வெள்ளை. தொட்டதும் வெந்த சேமியா மாதிரி நழுவி அறுந்தது. நல்ல நுனியும் அதோடு சேர்ந்து மணலில் விழுந்ததுதான் வயிற்றெரிச்சல்.

நீங்கள் செய்யக்கூடியது: கடல் அசையாத வாரங்களில் கல் கட்டி மிதவையை ஒரு முழமாவது தாழ்த்துங்கள். முதலில் இரண்டே மிதவையில் செய்து, பத்து நாள் பார்த்துவிட்டு மற்றதைத் தொடுங்கள். நீரோட்டம் உள்ள இடத்துக்கு நகர்த்த முடிந்தால் அது இன்னும் நல்லது. கயிற்றில் படியும் சேற்றையும் வேறு பாசியையும் உதறிவிடுங்கள். வெளுத்ததை அறுத்துக் கரைக்குக் கொண்டுவந்துவிடுங்கள். கடலில் வீச வேண்டாம், துண்டு ஒதுங்கினால் பவளப்பாறையில் பற்றிக்கொள்ளும். விதைப்பாசி கட்டும்வரை நிழலில், கடல்நீரில் நனைத்த சாக்குக்கு அடியில் இருக்கட்டும்.

இப்போது யூரியா. அது சிதைந்தால் அம்மோனியா. கடலில் இயல்பாக இருக்கும் துளி அம்மோனியா பாசிக்குச் சத்துதான். ஆனால் டிரம்மில் கரைத்து ஊறவைக்கும் அளவு வேறு. அம்மோனியா சவ்வைச் சுலபமாகக் கடந்து பைக்குள் போய், அங்கே ஒரு புரோட்டானைப் பிடித்து அம்மோனியமாக மாறி, திரும்ப முடியாமல் மாட்டிக்கொள்ளும். இப்படியே புளிப்பு வித்தியாசம் கரைந்துபோகும். கண்மாய்க் கரையில் எலி வளை போட்டதுபோலத்தான்: கரை நிற்கும், தண்ணீர் நிற்காது. ஆய்வகத்தில் இந்தச் சரிவை வேண்டுமென்றே கலைக்க அம்மோனியம் குளோரைடைத்தான் ஊற்றுவோம். பக்கத்து மிதவைக்காரரிடம், அவர் ஊறவைத்துக் கட்டிய கயிறு இருபதாம் நாள் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டுப் பாருங்கள்.