தோட்டத்துக்கு ஏர்கன் வாங்கலாமா? கேள்வி-பதில்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் 80 தென்னை இருக்கிறது. எலி ஏறிக் குரும்பையைக் கடித்துத் தள்ளுகிறது. எந்த ஏர்கன் நல்லது?

பதில்: எலி ஏறுவது ராத்திரியில். 80 கொண்டைக்கும் டார்ச் அடித்துத் தேடப் போகிறீர்களா? தரையிலிருந்து 2 மீட்டர் உயரத்தில், 40 செ.மீ. அகலத் தகரத்தை மரத்தைச் சுற்றி அடியுங்கள். நகம் வழுக்கி எலி இறங்கிவிடும். ஒரு மரத்து மட்டை அடுத்த மரத்தைத் தொட்டால் அந்த வழியாகவே தாவும், ஆகவே மட்டையைக் கழித்துவிட்டுத் தகரம் அடியுங்கள். காய்ந்த பாளை, பன்னாடை எல்லாம் கொண்டையில் இருக்கக் கூடாது, எலி அங்கேதான் கூடு கட்டும்.

மேல் நோக்கிச் சுட்டால் தவறிய குண்டு எங்கே இறங்கும் என்று யாரும் யோசிப்பதில்லை. நானும் யோசிக்கவில்லை. என் குண்டு எலியை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டு மாடித் தண்ணீர்த் தொட்டியில் இறங்கியது. மிளகளவு ஓட்டை, அதிலிருந்து நூல் மாதிரி தண்ணீர். புதுத் தொட்டிக்குக் கொடுத்த காசில் என் தோட்டம் முழுக்கத் தகரம் அடித்திருக்கலாம்.

கேள்வி: லைசென்ஸ் வேண்டுமா?

பதில்: குழல் விட்டம் 4.5 மி.மீ., அதாவது .177 அங்குலம். குண்டின் ஆற்றல் 20 ஜூல். இந்த இரண்டுக்குள் இருந்தால் வேண்டாம். ஒன்று தாண்டினாலும் வேண்டும். 2016 ஆயுத விதிகளில் இருக்கிறது.

கேள்வி: மயில் நிலக்கடலையைக் கிளறுகிறது. சும்மா பயமுறுத்தத்தான்.

பதில்: தேசியப் பறவை, வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. துப்பாக்கியைத் தொடாதீர்கள்.

கேள்வி: ஒரு பெட்டியில் 1300 எஃப்.பி.எஸ். என்று போட்டிருக்கிறது, இன்னொன்றில் 800. விலை ஒன்றுதான். 1300 எடுக்கலாமா?

பதில்: இந்தப் பெட்டி எண்ணைக் கண்டாலே எனக்கு ரத்தம் கொதிக்கும். வினாடிக்கு 1300 அடி என்றால் சுமார் 396 மீட்டர். அரை கிராம் ஈயக் குண்டு அந்த வேகத்தில் போனால் 39 ஜூல், சட்ட வரம்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அப்படியானால் ஒன்று, பெட்டி பொய் சொல்கிறது. இல்லையென்றால் லைசென்ஸ் வேண்டிய துப்பாக்கியை லைசென்ஸ் இல்லாமல் விற்கிறார்கள். பஞ்சு மாதிரி லேசான உலோகக் குண்டைப் போட்டு வேகத்தை அளந்துவிட்டு அந்த எண்ணை அச்சடிப்பதும் உண்டு. நீங்கள் சுடப்போவதோ ஈயக் குண்டு. மேலும், ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 1130 அடி. அதைத் தாண்டிப் போய் மறுபடி அதற்குக் கீழே இறங்கும்போது குண்டு தடுமாறும், குறி சிதறும்.

எனக்கு எப்படித் தெரியும்? நானும் எண்ணைப் பார்த்துத்தான் முதல் துப்பாக்கி வாங்கினேன். 15 மீட்டரில் அட்டைப் பெட்டியில் செய்தித்தாள் ஒட்டிச் சுட்டால் ஓட்டைகள் உள்ளங்கை அகலத்துக்குச் சிதறின. கடைக்காரர் கொடுத்த கூர்முனைக் குண்டை விட்டுவிட்டு, கனமான உருண்டைத் தலைக் குண்டு போட்ட பிறகுதான் சிதறல் பாதியானது. 800 எடுங்கள். நாலு வகைக் குண்டு வாங்கிச் சோதியுங்கள். குறிக்குப் பின்னால் மண்மேடு இருக்கட்டும். குண்டைத் தொட்ட கையோடு சாப்பிட உட்காராதீர்கள், அது ஈயம்.

கேள்வி: மச்சானுக்குக் காட்ட, குண்டு போடாமல் இருபது தடவை சுட்டேன். இப்போது வலுவே இல்லை. வாங்கி ஒரு மாதம்தான் ஆகிறது. வாரண்டி இல்லை என்கிறார்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாமா?

பதில்: போகலாம், தோற்றும் வரலாம். ஸ்பிரிங் ஏர்கனில் குண்டு இல்லாமல் விசையை அழுத்தினால், பிஸ்டனைத் தாங்கக் காற்று மெத்தை இல்லாமல் அது நேரே போய் முட்டும். சீல் கிழியும், ஸ்பிரிங் போகும். கையேட்டைப் பிரித்தாவது பார்த்தீர்களா? சீல் மாற்றக் காசு எடுத்து வையுங்கள். மச்சானிடம் பாதி கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் '.22 ஏர்கன், லைசென்ஸ் தேவையில்லை, 9,000 ரூபாய்' என்று பார்த்து 4,000 அனுப்பினேன். 'கூரியர் போலீஸில் மாட்டியது, இன்னும் 3,000 போடுங்கள்' என்றார். போட்டேன். பிளாக் செய்துவிட்டார். வீட்டில் சொல்லவில்லை.

பதில்: இதைப் படித்ததும் சைபர் மோசடிக்கான உதவி எண் 1930-க்கு அடியுங்கள். எவ்வளவு சீக்கிரமோ, பணம் சிக்க அவ்வளவு வாய்ப்பு. வங்கிக்கும் சொல்லுங்கள். அந்த ஆளோடு பேசியது, பணம் போனது எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், ஒன்றையும் அழிக்காதீர்கள். .22-க்கு லைசென்ஸ் வேண்டும். உங்களுக்கு அது தெரியாது, அவனுக்குத் தெரியும். போலீஸுக்குப் போகப் பயப்படுவீர்கள் என்ற கணக்கில்தான் கூரியர் கதையை அவிழ்த்திருக்கிறான். பயப்படாமல் போங்கள். வீட்டிலும் சொல்லிவிடுங்கள். 1,800 ரூபாய்க்கு 'ஒலியால் எலி விரட்டும்' கருவி வாங்கி, அது வந்த அட்டைப் பெட்டிக்குள்ளேயே எலி குட்டி போட்டதைப் பார்த்தவன் சொல்கிறேன், கொஞ்ச நாள் சிரிப்பார்கள், அவ்வளவுதான்.

கேள்வி: கொல்லையில் ஒரே ஒரு பெருச்சாளி. என்ன மாடல் வாங்கலாம்?

பதில்: கூண்டுப் பொறி. உள்ளே ஒரு துண்டு கருவாடு.