ஒதெல்லோ ஒரே காட்சியில் மாறுவது எப்படி நம்பும்படி ஆகும்?

ஷேக்ஸ்பியரின் 'ஒதெல்லோ' நாடகத்தில், தளபதி ஒதெல்லோ ஒரே காட்சியில் தன் மனைவியைச் சந்தேகிப்பது ஒத்திகையில் செயற்கையாக இருக்கிறது என்கிறீர்கள். மூன்றாம் அங்கம், மூன்றாம் காட்சியை மறுபடி படியுங்கள். ஒதெல்லோவின் கீழ் இருந்துகொண்டே அவனைக் கெடுக்கத் திட்டமிடும் இயாகோ, முதலில் குற்றம் எதுவும் சொல்வதில்லை. ஒதெல்லோவின் மனைவியோடு பேசிவிட்டு காசியோ என்ற படை அதிகாரி விலகிப் போனதும், இயாகோ 'இது எனக்குப் பிடிக்கவில்லை' என்று முணுமுணுக்கிறான், அவ்வளவுதான். கேட்டால் ஒதெல்லோவின் சொல்லையே திருப்பிச் சொல்லி நிறுத்திவிடுகிறான். மீதியை ஒதெல்லோவே வற்புறுத்திப் பிடுங்குகிறான்! பொறாமை வேண்டாம் என்று எச்சரிப்பவனும் இயாகோதான். அப்புறம், 'அவள் தன் தந்தையை ஏமாற்றிவிட்டுத்தான் உங்களை மணந்தாள்' என்று ஒதெல்லோவுக்கு ஒரு நினைவூட்டல். அது உண்மை என்பதால் ஆழமாக இறங்குகிறது. பின்னால் சந்தேகத்துக்குச் சான்றாகிவிடும் மனைவியின் கைக்குட்டை கீழே விழுவதற்குள் பாதி வேலை முடிந்துவிட்டது.

அதனால் இயாகோவாக நடிப்பவரை வில்லன் குரலை விட்டுவிடச் சொல்லுங்கள். சொல்ல மனமில்லாத நண்பனாகத் தயங்கட்டும். அந்த இடைவெளிகளில் ஒதெல்லோ கத்தாமல் யோசிக்கட்டும். கோபம் பிறகு வரும்.