‘எனக்கு பேண்ட்விட்த் இல்லை’ என்று ஆபீஸில் சொல்கிறார்களே, இன்டர்நெட் பேண்ட்விட்த்தும் அதுவும் ஒன்றா?

ஒன்று இல்லை, ஆனால் உறவு உண்டு. நான் நெட்வொர்க் வேலையில் இருப்பவன், அதனால் என் பக்கத்திலிருந்தே தொடங்குகிறேன்.

இன்டர்நெட் வருவதற்கு வெகு முன்பே ரேடியோக்காரர்களும் டெலிபோன்காரர்களும் இந்தச் சொல்லைப் புழங்கினார்கள். அவர்களுக்கு இது ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கில், அளக்கும் சமாச்சாரம். ஒரு சிக்னல் எந்த அதிர்வெண்ணில் தொடங்கி எதில் முடிகிறதோ, அந்த இடைவெளிதான் பேண்ட்விட்த். லேண்ட்லைனில் குரலுக்கு 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரைதான் இடம். பேச்சு புரிய அது தாராளம். போனில் பாட்டுக் கேட்டால் சப்பென்று இருந்ததற்கும் அதுவே காரணம்.

அந்தக் குறுகிய இடத்துக்குள்தான் டயல்-அப் மோடம் முக்கி முனகி நொடிக்கு 56 கிலோபிட் வரை போனது. அப்புறம் 2005-ல் பிஎஸ்என்எல் பிராட்பேண்ட் கொடுத்தபோது வீட்டுக்குப் புதுக் கம்பி இழுக்கவில்லை, அதே செம்புக் கம்பிதான். குரல் தொடாத மேல் அதிர்வெண்களையும் சேர்த்து, ஒரு மெகாஹெர்ட்ஸுக்கும் (பத்து லட்சம் ஹெர்ட்ஸ்) மேலே வரை பயன்படுத்தினார்கள். போன் பக்கத்தில் ‘ஸ்ப்ளிட்டர்’ என்று ஒரு சின்ன டப்பா மாட்டிவிட்டுப் போவார்களே, குரலையும் டேட்டாவையும் பிரிப்பது அதன் வேலை. அகலம் கூடியது, அதனால் நொடிக்கு அனுப்பக்கூடிய பிட்களும் கூடின. நாளடைவில் அந்த பிட் கணக்கையே பேண்ட்விட்த் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள்.

ஆனால் அகலம் மட்டும் போதாது. 1948-ல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணித மேதை இதற்கு ஒரு சூத்திரமே எழுதினார். ஒரு வழியின் கொள்ளளவு அதன் அகலத்தையும், இரைச்சலை விட சிக்னல் எத்தனை மடங்கு வலுவாக இருக்கிறது என்பதையும் பொறுத்தது. எக்ஸ்சேஞ்சிலிருந்து தூரத்தில் இருந்த வீடுகளில் பிராட்பேண்ட் மந்தமாக இருந்தது இதனால்தான். கம்பி நீள நீள சிக்னல் தேய்ந்துவிடும், இரைச்சல் மட்டும் அப்படியே இருக்கும்.

என்னிடம் அடிக்கடி வரும் புகார் ஒன்று: “100 எம்பிபிஎஸ் பிளான் போட்டேன், டவுன்லோடு 12-ஐத் தாண்டவில்லை.” பிளானில் எழுதியிருப்பது மெகாபிட், டவுன்லோடு காட்டுவது மெகாபைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட், அதனால் 100-ஐ எட்டால் வகுத்தால் 12.5 வரும், ஆக இணைப்பில் ஒரு குறையும் இல்லை. இன்னொன்று, பேண்ட்விட்த் கூடினால் தாமதம் தானாகக் குறைந்துவிடாது. சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கும் செயற்கைக்கோள் வழியாக ஒரு கேள்வி போய்ப் பதில் வர ஏறக்குறைய அரை நொடி ஆகும். நீங்கள் எவ்வளவு பெரிய பிளான் போட்டாலும் ஒளியின் வேகம் மாறப்போவதில்லை.

சரி, ஆபீஸுக்கு வருவோம். அங்கே இந்தச் சொல் பெரும்பாலும் ‘நேரமில்லை’ என்பதற்கு இஸ்திரி போட்ட வடிவம். மேனேஜரிடம் ‘முடியாது’ என்று சொல்ல முடியாதவர்களுக்கு ரொம்ப வசதி. ஆனால் நேரத்தை விட மனதின் கொள்ளளவுக்குத்தான் இது பொருந்தும் என்று எனக்குத் தோன்றுகிறது. அதற்கு நம் ஊரிலேயே ஒரு சான்று உண்டு. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் உள்ளிட்ட நான்கு ஆய்வாளர்கள் விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதியில் 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்பும் பின்பும் சோதித்தார்கள். முடிவுகள் 2013-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்தன. கையில் காசில்லாமல் இருந்த அறுவடைக்கு முந்தைய நாட்களில், யோசனைத் திறனைப் பார்க்கும் அதே வகைச் சோதனைகளை அதே ஆட்கள் மோசமாகச் செய்தார்கள். கரும்பு ஆலைகள் ஒரே சமயத்தில் எல்லார் கரும்பையும் அரைக்க முடியாது என்பதால், அறுவடை ஆளுக்கொரு நேரத்தில் நடந்தது. அதனால் பருவத்தின் மேல் பழியைப் போட்டுவிட முடியவில்லை. பணக் கவலை மனதின் பேண்ட்விட்த்தைத் தின்றுவிடுகிறது என்பது இந்த ஆய்வாளர்களின் வாதம்.

நெட்வொர்க்காரனாக எனக்கு இதில் ஒரு சின்ன ஆட்சேபம் உண்டு. ஷானன் கணக்குப்படி பார்த்தால் அந்த விவசாயிகளுக்கு அகலம் குறையவில்லை, இரைச்சல்தான் கூடியிருக்கிறது.