ஃபாரடே சங்கம்: வாசகர் ஐயங்களுக்கு விளக்கம்

கேள்வி: ஃபாரடே சங்கத்தைத் தொடங்கியவர் மைக்கேல் ஃபாரடேதானா?

பதில்: இல்லை. ஃபாரடே 1867-இல் மறைந்தார். சங்கம் லண்டனில் 1903-இல்தான் தோன்றியது. மின்வேதியியலையும் (மின்சாரத்துக்கும் வேதிவினைகளுக்கும் உள்ள தொடர்பை ஆராயும் துறை) மின்முறை உலோகவியலையும் வளர்க்க விரும்பியவர்கள் கூடி அமைத்த சங்கம் என்பதால், மின்சாரத்தால் பொருள்களைப் பிரிக்கும் மின்பகுப்பின் விதிகளை வகுத்தவரின் பெயர் அதற்குப் பொருத்தமாகவே அமைந்தது. மின்விளக்கால் புகழ்பெற்ற ஜோசப் ஸ்வான் முதல் தலைவர். அவருக்குப் பின் இயற்பியலாளர் கெல்வின் பிரபு.

கேள்வி: இத்துறையில் இதுவே முதல் சங்கமா?

பதில்: இல்லை. ஜெர்மானிய மின்வேதியியல் சங்கம் 1894-இலேயே வேதியியலாளர் ஆஸ்ட்வால்டின் தலைமையில் உருவாகி, 1902-இல் ஜெர்மானிய வேதியியலாளர் புன்சனின் பெயரை ஏற்றுக்கொண்டது.

கேள்வி: மற்றச் சங்கங்களினின்றும் இது எவ்வகையில் வேறுபட்டது?

பதில்: விவாதத்தால். சவ்வூடுபரவல் அழுத்தம் (மெல்லிய சவ்வின் வழியே கரைப்பான் கரைசலுக்குள் புகுவதால் எழும் அழுத்தம்) குறித்து 1907-இல் நடந்த கூட்டம் தொடங்கி, ஒரே பொருளை எடுத்துக்கொண்டு அலசும் பொது விவாதங்களை இச்சங்கம் நடத்தி வந்ததோடு, கட்டுரைகளுடன் அவற்றின் மீதான வாதப் பிரதிவாதங்களையும் அச்சிட்டது. அந்தப் பக்கங்களைத் துணைச்சரக்கு என்று தள்ளிவிடக் கூடாது.

ஓர் எடுத்துக்காட்டு: முதல் வகை வினையில் (வேகம் பொருளின் செறிவுக்கு நேர்விகிதமாக அமையும் வினை) மூலக்கூறு தனியாகவே சிதைகிறதென்றால், அதற்கு வேண்டிய ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பது அக்காலத்துப் பெரும் புதிர். வினை நடக்கும் பாத்திரத்தின் சுவரிலிருந்து வரும் கதிர்வீச்சே காரணம் என்றார் பிரெஞ்சு இயற்பியலாளர் பெரன். இக்கொள்கை பற்றி 1921-இல் நடந்த விவாதத்தில் இயற்பியலாளர் லிண்டமன் சுருக்கமாக ஒரு மாற்றுக் கருத்தை முன்வைத்தார்: மோதலால் கிளர்வுறும் மூலக்கூறு உடனே சிதைவதில்லை, அந்த இடைவெளியில் மற்றொரு மோதலால் அது தன் ஆற்றலை இழந்துவிடவும் கூடும். எனவே, மோதல்கள் அரிதாகும் குறைந்த அழுத்தத்தில், கிளர்வூட்டும் மோதலே வேகத்தைத் தீர்மானிப்பதால், அதே வினை இரண்டாம் வகை வினையாக (வேகம் செறிவின் இருமடிக்கு நேர்விகிதமாக அமையும் வினை) மாற வேண்டும். இன்று கல்லூரிகளில் லிண்டமன் வினைவழிமுறை எனக் கற்பிக்கப்படுவது, தனி ஆய்வுக் கட்டுரையாக அல்லாமல், இப்படி ஒரு விவாதக் குறிப்பாகவே பிறந்தது.

பலபடிகள் (சிறு மூலக்கூறுகள் பல இணைந்து உருவாகும் நீண்ட மூலக்கூறுகள்) குறித்துக் கேம்பிரிட்ஜில் 1935-இல் நடந்த விவாதத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். பலபடி வேதியியலின் முன்னோடி ஸ்டாடிங்கரும் நைலானை உருவாக்கிய கரோதர்ஸும் அதில் பங்கேற்றனர்.

கேள்வி: சங்கம் இன்றும் இயங்குகிறதா?

பதில்: தனி அமைப்பாக இல்லை. 1972-இல் அது லண்டன் வேதியியல் சங்கத்தின் ஃபாரடே பிரிவாயிற்று. 1980 முதல் அப்பிரிவு ராயல் வேதியியல் சங்கத்தில் உள்ளது. 1905-இல் தொடங்கிய அதன் ஆய்விதழ் மரபு, 1999-இல் புன்சன் சங்கத்தின் இதழோடு இணைந்து ஒரே இதழாயிற்று. விவாதக் கூட்டங்கள் மட்டும் நிற்கவில்லை: கட்டுரைகள் முன்கூட்டியே வழங்கப்படுகின்றன, கட்டுரையை எழுதியவருக்கு ஐந்து நிமிடம்தான், எஞ்சிய நேரமெல்லாம் கேள்விகளுக்கு.