டப்னு சத்தம் போட்ட விரலும் சத்தமே போடாத விரலும்

டர்பன்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. போன சனிக்கிழமை மான்டிசீல் பாறைல ஏறிட்டு இருந்தாராம், ஒரு சின்ன விளிம்பை விரலை மடக்கிப் புடிச்சுத் தொங்கும்போது கால் வழுக்கி மொத்த வெயிட்டும் கைக்கு வந்து மோதிர விரல்ல டப்னு ஒரு சத்தம், அப்புறம் விரல் அடில வீக்கம். எக்ஸ்ரேல எலும்பு உடையலைன்னு சொல்லிட்டாங்க. சாட்ஸ்வொர்த்ல இருக்குற ஆயா நல்லெண்ணெய் போட்டு நீவி, சொடக்கும் எடுத்து விட்டாங்களாம். ஜூலைல ராக்லேண்ட்ஸ்னு பாறை ஏறப் போற இடத்துக்குப் போக எல்லாம் புக் பண்ணியாச்சு, போலாமா வேணாமான்னு கேள்வி. கடைசில போற போக்குல ஒரு வரி: "கூட ஏற வர்ற அக்கா பையனுக்கு 14 வயசு, அவனுக்கும் நடுவிரல் மூட்டு ஒரு மாசமா வலிக்குது, ஓவரா ஏறுறான், அதான்."

தம்பி, பையன் விஷயத்தை முதல்ல பேசிடுவோம், எனக்கு உங்க விரலை விட அதுதான் கவலையா இருக்கு. வளர்ற பசங்களுக்கு விரல் எலும்போட ஓரத்துல வளர்ச்சித் தட்டுன்னு ஒரு குருத்து மாதிரி பகுதி இருக்கும், மத்த இடத்தை விட அதுதான் வீக்கானது, மளமளன்னு உயரம் போடுற வயசுல இன்னும் மோசம். பெரியவங்களுக்கு தசைநார் பக்கம் அடிபடுற அதே வேலைல இவங்களுக்கு அந்தத் தட்டுல விரிசல் விடுது. சத்தம் கேக்காது, விழுந்த ஞாபகமும் இருக்காது, நடுவிரலோட நடு மூட்டு மேல்பக்கம் மட்டும் மெதுவா வலிக்க ஆரம்பிக்கும், கொஞ்சம் வீங்கும், அவ்ளோதான். இன்னையோட பையன் ஏறுறதை நிறுத்தணும், இந்த வாரமே எக்ஸ்ரே. ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாமப் போகலாம், வலி தொடர்ந்தா எம்ஆர்ஐ கேளுங்க. சீக்கிரம் கண்டுபுடிச்சா பெரும்பாலும் ரெண்டு மாசம் போல ரெஸ்ட்லயே கூடிடும், டேப் போட்டுட்டு ஏறிட்டே இருந்தா விரல் கோணலா நிக்கும், மூட்டு மடங்காமப் போகும். காலே வெக்காம வெறும் விரலால மட்டும் ஏறுற பயிற்சிப் பலகை, அதான் கேம்பஸ் போர்டு, அது பக்கம் வளர்ச்சி முடியுற வரைக்கும் விடவே கூடாது, கோச் என்ன சொன்னாலும் சரி.

இப்ப உங்க விரல். தூண்டில் கம்பில நரம்பு வெளிய பிதுங்காம இருக்க வரிசையா வளையம் இருக்கும்ல, அதே மாதிரி விரலை மடக்குற தசைநாரை எலும்போட ஒட்டி வெச்சிருக்க உள்ள வளையங்கள் இருக்கு, புல்லின்னு சொல்வாங்க. விரல் அடில இருக்குற ஏ2 புல்லிதான் கிளைம்பர்களுக்கு அதிகமா போறது, அதுலயும் மோதிர விரல். நடு மூட்டை நல்லா மடக்கி நுனி மூட்டைப் பின்னாடி வளைச்சுப் புடிக்கிறோம் பாருங்க, அந்த கிரிம்ப் பிடில நுனில வர்ற பாரத்தை விட மூணு மடங்குக்கு மேல அந்த வளையத்து மேல விழுது. எக்ஸ்ரே எலும்பைத்தான் காட்டும், இதைக் காட்டாது. உங்களுக்கு வேண்டியது அல்ட்ராசவுண்ட், அதுவும் விரலைச் சுவர்ல அழுத்திட்டு எடுக்கணும், தசைநாருக்கும் எலும்புக்கும் நடுவுல 2 மில்லிமீட்டருக்கு மேல இடைவெளி வந்தா வளையம் முழுசா அறுந்திருக்க வாய்ப்பு அதிகம். இங்க தென்னாப்பிரிக்கால டாக்டர் லெட்டர் இல்லாமலே ஃபிசியோகிட்ட நேரா போலாம், ஆனா கை கேஸ் பாத்துப் பழகினவங்களா தேடுங்க.

அதுக்கு முன்னாடி வீட்லயே ஒண்ணு பாருங்க: நடு மூட்டை இன்னொரு கையால நேரா புடிச்சுட்டு நுனியை மட்டும் மடக்குங்க. சுத்தமா மடங்கலைன்னா தசைநாரே அறுந்திருக்கலாம், அன்னைக்கே கை சர்ஜன், நாள் கடத்தக் கடத்த தைக்கிறது கஷ்டம்.

ஆயாவோட கை பாசத்துல வந்தது, குறை சொல்லல, ஆனா புதுசா கிழிஞ்ச இடத்தை நீவுறதும் சொடக்கு எடுக்குறதும் வேணவே வேணாம். முதல் சில நாள் துணில சுத்தின ஐஸ் பத்து நிமிஷம், கனமா எதையும் புடிக்காதீங்க. அதுக்காக மாசக்கணக்குல அசையாம வெச்சாலும் விரல் விறைச்சுப் போகும், வலி இல்லாத அளவுக்கு மெதுவா மடக்கி நீட்டிட்டே இருக்கணும். வளையம் முழுசா அறுந்திருந்தா விரல் அடில போடுற ஒரு பிளாஸ்டிக் ரிங்கை ஃபிசியோ செஞ்சு தருவாங்க, ரெண்டு மாசம் போல போடணும். ஒரே ஒரு புல்லி போனா பொதுவா ஆபரேஷன் தேவைப்படாது, ரெண்டு மூணு சேந்து போனாத்தான் அந்தப் பேச்சே. வலி ஊசி போட்டுட்டு ஏறலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, அதுல போடுற ஸ்டீராய்டு தசைநாரை இன்னும் வீக்காக்கும்.

திரும்ப ஏறும்போது கைக்குள்ள அடங்குற பெரிய பிடி, விரலை நீட்டிப் புடிக்கிற பிடி, இதுல மட்டும் ஆரம்பிங்க, கிரிம்ப் கடைசியா வரட்டும். பத்துக்கு ரெண்டு மேல வலிச்சா அன்னைக்கு இறங்கிடுங்க. நடு மூட்டுக்கு மேலயும் கீழயும் ஹெச் எழுத்து மாதிரி சுத்தி வர்ற ஹெச் டேப் அடிபட்ட விரலுக்கு உதவும், நல்லா இருக்குற விரலுக்கு டேப் போட்டா அடிபடாதுன்னு ஜிம்ல சொல்றதை நான் நம்பல. அதைவிட வார்ம்அப், ஈசியான பிடில ஒரு 100 மூவ் ஏறின பிறகு கஷ்டமானதைத் தொடுங்க. தசைக்கு பலம் சில வாரத்துல ஏறிடும், தசைநாருக்கும் புல்லிக்கும் மாசக்கணக்கு ஆகும், ஜிம்ல வேகமா கஷ்ட லெவலை (கிரேடு) ஏத்துறவங்க மாட்டிக்கிறது இங்கதான்.

ராக்லேண்ட்ஸ்? வெறும் சுளுக்கு லெவல்னு ஸ்கேன் சொன்னா ஆறு வாரத்துல கிரிம்ப் இல்லாத லைட்டான பாறை ஏறலாம், ஜூலைக்கு டைம் இருக்கு. முழுசா அறுந்திருந்தா மூணு மாசமாவது ஆகும். அப்பவும் டிக்கெட்டை கேன்சல் பண்ணாதீங்க, கீழ நின்னு விழுற இடத்துக்கு பேட்ங்கிற மெத்தையை நகத்தி, விழுறவங்களைத் தாங்கி ஸ்பாட் பண்ண ஆள் எப்பவும் பத்தாது, கயிறு இல்லாம சின்னப் பாறை ஏறுற போல்டரிங்ல கணுக்கால் போறது பெரும்பாலும் பேட் சரியில்லாத இடத்துல விழுந்துதான். பையனுக்கு எக்ஸ்ரே என்ன சொல்லுதுன்னு மட்டும் எனக்கு உடனே எழுதுங்க.